குழந்தையின் காலில் ஆறாவது விரல்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

இங்கே கால்விரல்களைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். கையில் கூடுதல் விரல் இருந்தால் பிடிப்பதும் எழுதுவதுமே முதல் கவலை. காலில் என்றால் நிற்பது, நடப்பது, செருப்புக்குள் பாதம் அடங்குவது ஆகியவையே கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குழந்தை பிறந்ததும் காலில் ஆறு விரல் இருப்பதைப் பார்த்தோம். உடனே ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டாம். கூடுதல் கால்விரல் அவசரச் சிக்கல் அன்று. பால் குடிப்பதற்கோ, தூங்குவதற்கோ, எடை கூடுவதற்கோ அது தடையில்லை. குழந்தைக்கு வலியும் கிடையாது. பிறந்த முதல் நாள்களில் தேவைப்படுவது ஒன்றுதான்: குழந்தை மருத்துவர் உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை முழுமையாகப் பார்க்க வேண்டும். விரலை என்ன செய்வது என்ற முடிவுக்குப் பல மாதங்கள் அவகாசம் இருக்கிறது.

இது எவ்வளவு அரிது?

அவ்வளவு அரிதன்று. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று அல்லது இரண்டு பேருக்குக் காலில் கூடுதல் விரல் இருக்கும். மருத்துவர்கள் இதைப் பாலிடாக்டிலி என்று குறிப்பிடுவார்கள். மருத்துவச் சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். விரல் கூடுதலாக இருக்கிறது என்பதற்கு மேல் அதில் பொருள் ஒன்றுமில்லை. ஒரு காலில் மட்டும் இருக்கலாம், இரண்டு கால்களிலும் இருக்கலாம், கையிலும் சேர்ந்து இருக்கலாம். ஆகவே காலில் ஒன்றைக் கண்டால் மறு காலையும் இரு கைகளையும் எண்ணிப் பாருங்கள்.

கர்ப்ப காலத்தில் நான் செய்த ஏதோ ஒன்றுதான் காரணமா?

இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்பதைவிட மனத்துக்குள் கேட்டுக்கொள்வதே அதிகம். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கருவுற்ற நான்காவது வாரத்தில் கருவின் பக்கவாட்டில் கைகால்களுக்கான மொட்டுகள் தோன்றுகின்றன. எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. அந்த மொட்டின் ஒரு விளிம்பிலிருந்து வெளிப்படும் ஒரு புரதச் சமிக்ஞைதான் எத்தனை விரல்கள், எது பெருவிரல், எது சுண்டுவிரல் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தச் சமிக்ஞை வர வேண்டாத இடத்தில் வந்தாலோ, அதை அடக்கி வைக்கும் மரபணு சரியாக அடக்காவிட்டாலோ ஒரு விரல் கூடுதலாக உருவாகிறது. ஜிஎல்ஐ3 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இவையெல்லாம் தொடங்கும் வேளையில் பலருக்குத் தாம் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரிந்திருக்காது.

நீங்கள் சாப்பிட்டது, சாப்பிடாமல் விட்டது, படிக்கட்டு ஏறியது, பாரம் தூக்கியது, அழுதது, கோபப்பட்டது எதுவும் விரலைக் கூட்டவில்லை. ஒரே ஒரு விவரத்தை நேர்மையாகச் சேர்க்க வேண்டும். தாய்க்குக் கட்டுப்படாத நீரிழிவு இருந்த சில கர்ப்பங்களில், குறிப்பாகப் பெருவிரல் பக்கத்தில், கூடுதல் விரலுடன் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். அப்படியான பின்னணி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதயம், முதுகெலும்பு போன்றவற்றையும் பார்த்துவிட அது உதவும். அதுவும் குற்றம் சுமத்துவதற்கான தகவல் அன்று.

எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கோ இருந்ததாகச் சொல்கிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பெரும்பாலும் உண்டு. வேறு எந்தக் குறையும் இல்லாமல் விரல் மட்டும் கூடுதலாக இருக்கும் வகை, பல குடும்பங்களில் பெற்றோரில் ஒருவர் வழியாகவே வருகிறது. அத்தகைய மரபணு மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் மாற்றம் இருக்கும் எல்லாருக்கும் விரல் தோன்றுவதில்லை. தாத்தாவுக்கு இருந்து, அப்பாவுக்கு இல்லாமல், பேத்திக்கு வருவது இப்படித்தான். ஒருவருக்கு முழு விரலாகவும் இன்னொருவருக்குச் சிறு தோல்மொட்டாகவும் அது வரலாம்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் ஒரு குழந்தைக்கு மட்டும் வருவதும் உண்டு. அப்போது அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குழந்தைப் பருவத்திலேயே விரலை எடுத்துவிட்டு, பிறகு அதைப் பற்றிப் பேசாமலே விட்ட குடும்பங்கள் நிறைய. பாதத்தின் ஓரத்தில் ஒரு பழைய தழும்பு உங்கள் மருத்துவருக்கு மிகப் பயனுள்ள செய்தி.

கூடுதல் விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது முக்கியமா?

மிக முக்கியம். காலில் கூடுதல் விரல் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேருக்கு அது சுண்டுவிரல் பக்கத்தில், அதாவது பாதத்தின் வெளி ஓரத்தில் இருக்கும். இந்த வகை சிகிச்சைக்கு எளிது. முடிவும் பொதுவாக நன்றாக அமையும்.

பெருவிரல் பக்கத்தில் வருவது குறைவு. நடக்கும்போது தரையை உந்தித் தள்ளுவது பெருவிரல் என்பதால், அங்கே வரும் சிக்கலுக்குக் கூடுதல் கவனம் தேவை. சில குழந்தைகளுக்கு அந்தப் பக்கத்து நீண்ட பாத எலும்பு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். விரல் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். அரிதாக, கணுக்காலுக்கு மேலே உள்ள கால் எலும்பின் குறைவளர்ச்சியும் சேர்ந்து வரலாம். ஆகவே பெருவிரல் பக்கம் என்றால் முழங்கால் வரை பரிசோதிப்பது நல்லது. நடுவிரல்களுக்கிடையே கூடுதல் விரல் வருவது எல்லாவற்றிலும் அரிது.

வெளியே பார்த்தால் சின்னதாகத் தெரிகிறது. நூலால் இறுக்கிக் கட்டினால் தானே விழுந்துவிடாதா?

வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கூடுதல் விரல் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் அதற்குள் இரத்தக் குழாயும் நரம்பும் இருக்கின்றன. எலும்பு அல்லது குருத்தெலும்பும் இருக்கலாம். நூல் கட்டினால் இரத்தப்போக்கும் சீழ்பிடிப்பும் ஏற்படலாம். பச்சிளங்குழந்தையின் உடலில் தொற்று வேகமாகப் பரவும். விரல் விழுந்தாலும் அடியில் ஒரு குமிழ் நின்றுவிடும். துண்டான நரம்பின் முனை அந்தக் குமிழுக்குள் முடிச்சாகத் திரண்டு, பின்னாளில் செருப்பு பட்டாலே சுரீரென்று வலிக்கும். நூல் கட்டி விரல் விழுந்த இடத்தை மீண்டும் அறுத்துச் சரிசெய்ய வேண்டி வருவது, முதலிலேயே முறையாக எடுப்பதைவிடக் கடினம்.

எலும்பே இல்லாமல் மெல்லிய தோல் காம்பில் தொங்கும் மொட்டுக்கு, மருத்துவமனையில் கிளிப் போட்டோ நூல் கட்டியோ அகற்றும் முறை உண்டு. அது கைவிரல்களில்தான் அதிகம் செய்யப்படுகிறது. மீதிக் குமிழும் வலியும் அதிலும் வரக்கூடும் என்பதால், அந்தச் சிறு மொட்டையும் மரத்துப்போகும் ஊசி போட்டு, நரம்பைச் சற்று உள்ளே தள்ளி வெட்டி, தையல் போடுவதையே பல அறுவை மருத்துவர்கள் விரும்புகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஏன் இரண்டு முறை?

பிறந்த குழந்தையின் விரல் எலும்புகளில் கணிசமான பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. முதல் படத்தில் வெறும் சதைபோலத் தோன்றிய விரலுக்குள், சில மாதங்களுக்குப் பிறகு எலும்பு தெரியலாம். அறுவை சிகிச்சையைத் திட்டமிடும் படம், அதற்குச் சற்று முன்பு எடுத்ததாக இருந்தால்தான் பயன்.

அந்தப் படத்தில் மருத்துவர் தேடுவது விரலின் வேரை. சில பாதங்களில் நீண்ட எலும்பு ஒன்றே; அதன் தலை மட்டும் அகன்று இரண்டு விரல்களைத் தாங்கும். சிலவற்றில் எலும்பு பாதி வழியில் கவட்டைக் கொம்பு போல இரண்டாகப் பிரியும். சிலவற்றில் ஆறாவது நீண்ட எலும்பே முழுதாகத் தனியாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். செய்ய வேண்டிய அறுவையோ மூன்றிலும் வெவ்வேறு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எளிதாக முடிந்தது, நம் குழந்தைக்கு மட்டும் ஏன் இத்தனை ஏற்பாடு என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இந்தப் படத்தில்தான் இருக்கும்.

இது வேறு ஏதாவது நோயின் அடையாளமாக இருக்குமா?

பெரும்பாலான குழந்தைகளில் இல்லை. விரலைத் தவிர மற்ற எல்லாம் இயல்பாகவே இருக்கும். ஆனால் சிறு பங்கினருக்கு இது பெரிய ஒரு நோய்த்தொகுப்பின் பகுதியாக வரலாம். முழு உடல் பரிசோதனை வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொன்னதன் காரணம் இதுதான்.

அவற்றில் பார்டே-பீடல் நோய்த்தொகுப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறக்கும்போது அதன் ஒரே வெளி அடையாளம் சுண்டுவிரல் பக்கத்துக் கூடுதல் விரலாக இருக்கலாம். மற்றவை பின்னால் வரும்: குழந்தைப் பருவத்திலேயே எடை மிகையாகக் கூடுவது, இருட்டில் பார்வை மங்குவது, சிறுநீரகக் கோளாறு, கற்றலில் தாமதம். ஆறேழு வயதில் குழந்தை இரவில் தடுமாறினால், கண் மருத்துவரிடம் ‘பிறக்கும்போது ஆறு விரல் இருந்தது’ என்று மறக்காமல் சொல்லுங்கள். விரலை எடுத்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும் அந்தத் தகவல் மதிப்புள்ளது. குழந்தையின் மருத்துவக் கோப்பில் அது பதிவாகி இருக்கட்டும்.

எல்லிஸ்-வான் கிரவெல்டு என்ற இன்னொரு தொகுப்பில் கைகால்கள் குட்டையாகவும் நகங்கள் சிறுத்தும் இருக்கும். இதயத்தில் குறை இருப்பது அதில் சாதாரணம். தலை பெரிதாகவும் கண்களுக்கிடையே இடைவெளி அதிகமாகவும் இருந்து, பெருவிரல் பக்கம் விரல் கூடியிருந்தால் கிரெய்க் என்ற தொகுப்பைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். 13-ஆம் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலையிலும் விரல் கூடுவது உண்டு. ஆனால் அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்தபோதே வேறு கடுமையான குறைகள் தெரிந்துவிடும்.

அப்படியானால் எல்லாக் குழந்தைகளுக்கும் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

குடும்பத்தில் வேறு பலருக்கும் இருந்து, குழந்தை மற்ற எல்லா வகையிலும் இயல்பாக இருந்தால் பொதுவாகத் தேவையில்லை. இதயத்தில் இயல்பற்ற ஓசை, வளர்ச்சித் தாமதம், முக அமைப்பில் மாறுபாடு, பெற்றோர் நெருங்கிய உறவினராக இருப்பது போன்றவை சேர்ந்தால் மரபியல் மருத்துவரின் ஆலோசனை பயன் தரும். மேலே சொன்ன பார்டே-பீடல், எல்லிஸ்-வான் கிரவெல்டு இரண்டும் பெற்றோர் இருவரிடமிருந்தும் மாற்றம் வந்தால் தோன்றுபவை. அவற்றில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு மீண்டும் உண்டு.

கர்ப்ப கால ஸ்கேனில் ஏன் சொல்லவில்லை?

18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். சிசு காலை மடக்கி வைத்திருக்கும், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மறைந்திருக்கும். ஒவ்வொரு விரலையும் எண்ணுவது அந்த ஸ்கேனின் முதன்மை நோக்கமும் அன்று.

விரலை எடுத்தே ஆக வேண்டுமா?

இல்லை. வலி இல்லாமல், பாதம் நேராக, காலணி பொருந்தும்படி இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். ஆறு விரல்களோடு ஓடியாடி வளர்ந்து முதுமை வரை வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

எடுப்பதற்கான நியாயமான காரணம் பெரும்பாலும் காலணிதான். பாதம் அகலமாகும்போது வெளி ஓர விரல் செருப்பில் உரசும். தோல் தடிக்கும், கொப்புளம் வரும், நகம் சதைக்குள் இறங்கும். பக்கத்து விரலையும் அது கோணலாகத் தள்ளலாம். பள்ளிக்கு மூடிய ஷூ போட வேண்டிய வயதில் இந்தத் தொல்லை தினமும் இருக்கும். தோற்றம் குறித்த கவலையும் மெய்யான காரணமே. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் உறவினர்களின் பேச்சுக்கு அஞ்சி மட்டும் அறுவைக்குத் தேதி குறிப்பதை நான் ஏற்கமாட்டேன். காலில் தழும்பைச் சுமக்கப்போவது குழந்தை.

எந்த வயதில் செய்வது நல்லது?

பெரும்பாலும் ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள். அதற்குள் எலும்பின் அமைப்பு எக்ஸ்ரேயில் ஓரளவு தெரிந்துவிடும், மயக்க மருந்தைத் தாங்கும் அளவுக்குக் குழந்தை வளர்ந்திருக்கும், நடையும் காலணிப் பழக்கமும் உறுதியாகியிருக்காது. இதைவிடத் தாமதித்தாலும் ஒன்றும் கைமீறிப் போவதில்லை. சளி, காய்ச்சல், எடைக்குறைவு, இதயச் சிக்கல் எதுவானாலும் அதைக் கவனித்துவிட்டு வரலாம்.

சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூளையைப் பாதிக்காதா?

நியாயமான அச்சம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, பலமுறையோ மயக்க மருந்து கொடுப்பது குறித்து எச்சரித்தது. மறுபுறம், பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு, கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒருமுறை மயக்க மருந்து பெற்ற குழந்தைகளை, இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்யப்பட்ட குழந்தைகளோடு ஒப்பிட்டது. ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை என்று 2019-இல் அது முடிவு வெளியிட்டது. எளிய வகைக் கால்விரல் அறுவை இந்தக் குறுகிய நேர வகையிலேயே பொதுவாக அடங்கும். இரண்டு கால்களிலும் விரல் இருந்தால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

அறுவையில் என்ன செய்வார்கள்? ஒரு விரலை வெட்டி எடுப்பதுதானே?

வெட்டுவது அதில் சிறு பகுதி. எந்த விரலை எடுப்பது என்பதே முதல் முடிவு. சுண்டுவிரல் பக்கத்தில் பெரும்பாலும் வெளியே இருப்பதை எடுப்பார்கள், ஏனெனில் பாதத்தின் ஓரம் ஒழுங்காக அமையும். ஆனால் உள்ளே இருப்பது நன்றாக வளராமல், வெளியே இருப்பதே எலும்போடு சரியாக இணைந்திருந்தால் கணக்கு மாறும். பெரியதாக இருக்கிறது என்பதற்காக ஒரு விரலை வைத்துக்கொள்வதில்லை. நேராகவும் உறுதியாகவும் நிற்கப்போவது எது என்று பார்க்கிறார்கள்.

பிறகு, எடுத்த விரலோடு இணைந்திருந்த தசையையும் மூட்டை இறுக்கிப் பிடிக்கும் நாரையும் மிச்ச விரலில் தைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் அந்த விரல் நாளடைவில் சாயும். நீண்ட எலும்பின் தலை அகலமாக இருந்தால் செதுக்குவார்கள். எலும்பு நீள்வதற்குக் காரணமான வளர்ச்சித் தட்டில் கத்தி படக்கூடாது என்பதால் இதற்குக் குழந்தைகளிடம் பழகிய கை வேண்டும். எலும்பை நேர்ப்படுத்தியிருந்தால் மெல்லிய கம்பி ஒன்றைச் சில வாரங்கள் வைத்திருந்து, பிறகு வெளியே இழுத்துவிடுவார்கள். விரல்கள் ஒட்டியிருந்தால் பிரிப்பதற்குத் தோல் ஒட்டு தேவைப்படலாம்.

குழந்தைகளுக்கான எலும்பியல் மருத்துவரோ, குழந்தைகளின் கைகால்களில் அனுபவமுள்ள பிளாஸ்டிக் சர்ஜனோ இதைச் செய்யலாம்.

அறுவை நாளன்று எவ்வளவு நேரம் வெறும் வயிறு?

வழக்கமாகத் திட உணவும் புட்டிப்பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்படும், தாய்ப்பால் நான்கு மணி நேரம், தண்ணீர் இரண்டு மணி நேரம். உங்கள் மயக்க மருத்துவர் சொல்லும் நேரமே இறுதி. அழுகிறதே என்று யாரும் ஒரு வாய் ஊட்டிவிடக்கூடாது. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போவது உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு?

பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். முதல் இரண்டு மூன்று நாள்கள் காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். வீக்கம் குறையும், வலியும் குறையும். வலிக்குப் பாராசிட்டமால் எடைக்கேற்ற அளவில் போதுமானதாக இருக்கும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது. கட்டு அல்லது மாவுக்கட்டு நனையாமல் இருக்க வேண்டும். எலும்பில் வேலை செய்யவில்லை என்றால் இரண்டு மூன்று வாரங்களில் கட்டு போய்விடும். கம்பி வைத்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம்.

விரல் நுனி நீலமாகவோ வெளுத்தோ குளிர்ந்தோ போனால், கட்டு வழியாக இரத்தம் தொடர்ந்து கசிந்தால், துர்நாற்றம் வந்தால், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால், மருந்துக்கும் அடங்காமல் குழந்தை கதறினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நடக்கச் சொல்லித் தூண்ட வேண்டியதில்லை. மருத்துவர் அனுமதித்ததும் குழந்தை தானே எழுந்துகொள்ளும். அதற்கென்று பயிற்சி பெரும்பாலும் தேவைப்படாது.

ஆறாவது விரலால் நடை தாமதமாகுமா?

ஆகாது. ஒன்றரை வயது கடந்தும் நடக்கவில்லை என்றால் விரலைக் காரணம் காட்டிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வேறு காரணத்தை மருத்துவர் தேட வேண்டும்.

பிற்காலத்தில் என்ன சிக்கல்கள் வரலாம்?

சுண்டுவிரல் பக்கத்தில் பெரும்பாலோருக்கு ஒரு மெல்லிய தழும்பு மட்டுமே மிஞ்சும். சிலருக்கு ஓரத்தில் எலும்பு புடைத்து நிற்கலாம், விரல் சற்றுச் சாயலாம், தழும்பு தடிக்கலாம். பெருவிரல் பக்கத்தில், மிஞ்சிய விரல் உள்நோக்கி வளைவதுதான் அதிகம் காணப்படும் தொல்லை. இன்னொரு அறுவை தேவைப்படலாம் என்பதை முதலிலேயே தெரிந்துவைத்திருப்பது நல்லது. பாதம் வளர்ந்துகொண்டே இருப்பதால், எல்லாம் சரியாக இருந்தாலும் சில ஆண்டுகளுக்கு அவ்வப்போது காட்டி வாருங்கள்.

குழந்தைக்கு இப்போது எட்டு வயது. காலம் கடந்துவிட்டதா?

கடக்கவில்லை. வளர்ந்த பிறகும், பெரியவர்களுக்கும்கூட இந்த அறுவை செய்யப்படுகிறது. எலும்பு முதிர்ந்திருப்பதால் படத்தில் எல்லாம் தெளிவாகத் தெரியும். புண் ஆறும் காலமும் பள்ளிக்குப் போகாத நாள்களும் சற்றுக் கூடும். இந்த வயதில் ஒரு நன்மையும் உண்டு: எங்கே உரசுகிறது, எந்த ஷூவில் வலிக்கிறது, விரலை எடுக்க விருப்பமா என்று குழந்தையிடமே கேட்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அன்றாடம் போடும் ஷூவைக் கையோடு கொண்டுபோங்கள். தேய்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தே எந்தப் பகுதியில் அழுத்தம் விழுகிறது என்று அவரால் சொல்ல முடியும்.